உட்கார்ந்த பறவைக்கு ஒன்று, பறக்கும் பறவைக்கு ஒன்று

கிளையில் அசையாமல் இருந்த மீன்கொத்தி சட்டென்று தண்ணீரில் பாயும்போது மெனுவைத் துழாவ நேரமிருக்காது. சி1, சி2 உள்ள கேனான் கேமராவில் மோடு டயலைத் திருப்பினால் போதும். இவை நாமே அமைப்புகளைப் பதிவுசெய்துவைக்கும் இடங்கள்: சி1 உட்கார்ந்த பறவைக்கு, சி2 பறப்பதற்கு.

சி1-க்கு மேனுவல் மோடு, ஷட்டர் வேகம் 1/500 நொடி, ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறனைக் கேமராவே பார்த்துக்கொள்ளும்). சி2-க்கு 1/3200, தொடர் ஃபோகஸ், அதிவேக பர்ஸ்ட் (அடுத்தடுத்து படங்கள்). பின்னால் வெளிறிய வானமென்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, +1 கூட்டுங்கள், இல்லையேல் பறவை கரிக்கட்டைதான். அதே +1, கருந்தண்ணீர் மேல் போகும் கொக்கின் இறகை வெளுத்துத் தள்ளிவிடும், அங்கே −1.

அமைத்தபின் மெனுவில் ‘கஸ்டம் ஷூட்டிங் மோடு’ போய்ப் பதிவுசெய்யுங்கள். அங்கேயே இருக்கும் ‘ஆட்டோ அப்டேட்’ அணைந்தே இருக்கட்டும். அதை இயக்கினால் அவசரத்தில் மாற்றியதெல்லாம் பதிவாகி, மறுநாள் விடியலில் சி2 வேறு எதுவாகவோ இருக்கும். அணைத்திருந்தால், கேமராவை நிறுத்தி எழுப்பியதும் பதிவுசெய்த அமைப்பு திரும்பிவிடும்.