வரையத் தொடங்கும் பிள்ளைக்குக் கலர் பென்சில் வாங்குவது எப்படி?

பிள்ளைக்குப் படம் வரைய ஆசை வந்துவிட்டது என்று தெரிந்ததும் வீட்டில் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். கடையில் இருப்பதிலேயே பெரிய கலர் பென்சில் டப்பா வந்துவிடும். 48 நிறம், 72 நிறம், கூடவே தங்கமும் வெள்ளியும். ஆனால் வரைவதற்குக் கையில் கொடுப்பது அப்பாவின் ஆபீஸில் இருந்து வந்த பிரிண்டர் தாள். எவ்வளவு அழுத்தினாலும் நிறம் ஏறாது, விரல் வலிக்கும், கொஞ்ச நாளில் டப்பா அலமாரி மேலே போய்விடும். பிள்ளைக்கு ஆர்வம் போய்விட்டது என்று நாமும் முடிவுகட்டிவிடுவோம்.

நிறங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தைத் தாளில் போடுங்கள் என்பதுதான் என் யோசனை. இன்னொன்றும் பார்க்க வேண்டும். சென்னையில் வளரும் பிள்ளை தினமும் பார்க்கும் நிறங்கள் அந்த டப்பாவில் இருக்கின்றனவா? இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம். 5 வயது முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும்.

படி 1: கையைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன், பிள்ளை பென்சிலை எப்படிப் பிடிக்கிறது என்று கொஞ்ச நேரம் கவனியுங்கள். முஷ்டியாகப் பிடித்தால் பருமனான முக்கோணப் பென்சில் நல்லது. மூன்று விரலும் தானாகவே சரியான இடத்தில் உட்காரும், மேஜையில் இருந்து உருண்டும் விழாது. விரல் நுனியால் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்குச் சாதாரணப் பருமனே போதும்.

பென்சிலைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் டப்பாவின் பின்பக்கம் ஈ.என். 71 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது ஐரோப்பாவின் பொம்மைப் பாதுகாப்புத் தரம். ஈயம் மாதிரியான உலோகங்களுக்கு அதில் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

படி 2: பென்சிலுக்குள் என்ன இருக்கிறது?

கலர் பென்சிலின் நடுவில் இருக்கும் குச்சியில் மூன்று பொருட்கள் உண்டு. நிறமி, அதைப் பிடித்துவைக்கும் மெழுகு அல்லது எண்ணெய், அளவைக் கூட்ட வெள்ளைக் களிமண் போன்ற ஒரு நிரப்பி. விலை குறையக் குறைய நிறமி குறைந்து நிரப்பி கூடும். சில பென்சில்கள் தாளைக் கீறுவதும், அழுத்தி அழுத்தித் தேய்த்தாலும் வெளிறியே இருப்பதும் இதனால்தான். பிள்ளை கைவலி என்று சொன்னால் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். பென்சிலில் நிறமே இல்லாததால் அந்தச் சின்னக் கை ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது.

மெழுகு அதிகமுள்ள பென்சில் மென்மையாக, வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் முனை சீக்கிரம் மழுங்கும், கனமாகப் பூசிய இடத்தில் சில நாட்கள் கழித்து வெண்மையாக ஒரு படலம் பூக்கும். பயப்பட வேண்டாம். மெழுகுதான் மேலே வந்திருக்கிறது, மெல்லிய துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும். எண்ணெய் வகை சற்றுக் கெட்டியாக இருக்கும், கூர்மை நிற்கும். ஃபேபர் காஸ்டலின் பாலிகுரோமோஸ் இந்த வகை. 1908-ல் வந்த வரிசை, இன்று 120 நிறங்கள். அருமையான பென்சில், ஆனால் விலை அதிகம். தொடங்கும் பிள்ளைக்கு முழு டப்பா தேவையே இல்லை. அதில் இருந்து இரண்டு மூன்று பென்சில் மட்டும் வாங்கலாம், எதை என்று கீழே சொல்கிறேன்.

கேம்லின், டோம்ஸ், ஃபேபர் காஸ்டல் என்று எல்லாத் தெருக்கடையிலும் கிடைக்கும் மாணவர் வரிசைகளில் இருந்தே தொடங்கலாம். பெயரை விட, எடுத்த டப்பா நல்லதா என்று சோதிப்பதுதான் முக்கியம்.

டப்பாவில் தூரிகைப் படம் போட்டிருந்தால் அது தண்ணீரில் கரையும் வாட்டர்கலர் பென்சில். முதல் டப்பாவாக அதை வேண்டாம் என்பேன். சென்னை வெயிலில் பிள்ளையின் உள்ளங்கை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். கை பட்ட இடமெல்லாம் நிறம் இழுபடும்.

படி 3: எத்தனை நிறம்?

24. பள்ளிக்கு மட்டும் என்றால் 12 போதும். வரைய ஆசைப்படும் பிள்ளைக்கு 24 சரியான அளவு. நிறங்களைக் கலக்கக் கற்றுக்கொள்ளும் கட்டாயமும் இருக்கும், எல்லாவற்றையும் மூன்று நிறத்தில் இருந்து உருவாக்க வேண்டிய சிரமமும் இருக்காது. 48 வாங்கினால் பிள்ளை கலக்காது, தேடும். இந்தப் பச்சையா அந்தப் பச்சையா என்று டப்பாவுக்குள்ளேயே நேரம் போய்விடும்.

24-ஐத் திறந்ததும் பழுப்பு நிறங்களை எண்ணுங்கள். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பல டப்பாக்களில் ஒன்றோ இரண்டோதான் பழுப்பு இருக்கும். நீலமும் இளஞ்சிவப்பும் வரிசையாக நிற்கும். நம் பிள்ளை என்ன வரையும்? அம்மாவை, தாத்தாவை, தன்னை. தென்னை மரத்தை, மண் பானையை, தெரு நாயை, கோயில் கோபுரத்தின் அடியில் இருக்கும் கருங்கல்லை. இவை எல்லாவற்றுக்கும் பழுப்பு வேண்டும்.

முகத்துக்கு என்றே டப்பாவில் ஒரு வெளிறிய பீச் நிறம் இருக்கும். அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் ஒரு காலத்தில் அந்தக் கிரேயானுக்குச் சதை என்றே பெயர் வைத்திருந்தது. 1962-ல்தான் பீச் என்று மாற்றினார்கள். பெயர் மாறி 60 வருடம் தாண்டியும், வகுப்பில் முகம் என்றாலே நம் பிள்ளைகளின் கை அந்தப் பென்சிலுக்குத்தான் போகிறது. தன் முகத்தைத் தன் நிறத்தில் வரைய ஒரு பிள்ளைக்கு வழி இருக்க வேண்டும். அது நம் கையில் இருக்கிறது.

அதனால் 24 டப்பாவோடு யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, ஒரு அடர் பழுப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியாக வாங்குங்கள். முதலாவது காய்ந்த வைக்கோல் மாதிரியான மஞ்சள், இரண்டாவது செங்கல்லுக்கும் செம்மண்ணுக்கும் இடைப்பட்ட நிறம். பாலிகுரோமோஸில் வாங்கலாம் என்று மேலே சொன்னது இவற்றைத்தான். பென்சிலில் பணத்தைத் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடம் இந்த மூன்றுதான்.

படி 4: கடையில் செய்ய வேண்டிய சோதனை

சீவாத பக்கத்தை உங்களைப் பார்த்துத் திருப்பிப் பாருங்கள். நிறக்குச்சி மரத்தின் நட்டநடுவில் இருக்க வேண்டும். ஓரமாக ஒதுங்கியிருந்தால் சீவும்போது ஒரு பக்கம் மரம் மூடிக்கொண்டு நிற்கும், முனை ஒடிந்துகொண்டே இருக்கும். டப்பாவில் பாதிக்கு மேல் இப்படி இருந்தால் வேறு டப்பா கேளுங்கள்.

அப்புறம், தீட்டிப் பார்க்கக் கடைக்காரரிடம் கேளுங்கள். மாதிரிக்கு ஒரு டப்பா திறந்து வைத்திருக்கும் கடைகள் உண்டு. மஞ்சளை லேசாகத் தீட்டி, அதன் மேல் நீலத்தை லேசாகத் தீட்டுங்கள். பச்சை தெரிந்தால் நல்ல பென்சில். நீலம் வழுக்கிக்கொண்டு மேலே ஒட்டாமல் போனால் அந்த டப்பாவில் நிறம் கலக்கக் கற்றுக்கொள்ள முடியாது. இந்த ஒரு சோதனை போதும்.

படி 5: தாள்

தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்பார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு. பிரிண்டர் தாள் 70 அல்லது 80 இருக்கும். கலர் பென்சிலுக்கு 120-க்குக் கீழே போகாதீர்கள். 150 இருந்தால் இன்னும் நிம்மதி.

கனத்தை விட முக்கியம் சொரசொரப்பு. கட்டைவிரலால் தாளைத் தடவுங்கள். மிக மெல்லிதாக ஒரு சொரசொரப்பு விரலில் தட்டுப்பட வேண்டும். அந்த மேடு பள்ளங்கள்தான் நிறத்தைச் சுரண்டிப் பிடித்துக்கொள்கின்றன. வழுவழு தாளில் இரண்டு பூச்சுக்கு மேல் நிறம் ஏறாது. வாட்டர்கலர் தாள் மாதிரி ரொம்பச் சொரசொரப்பாக இருந்தாலோ வெள்ளைப் புள்ளிகள் நிறையத் தெரியும், பிள்ளை சலித்துப்போகும். கடையில் கார்ட்ரிட்ஜ் தாள் என்று கேட்டால் நடுத்தரமாகத் தருவார்கள். ஏ4 அளவு நல்லது. ஏ3 ஒரு பக்கத்தை நிரப்புவதற்குள் சின்னப் பிள்ளைகள் களைத்துவிடுவார்கள்.

இன்னொரு வழி, பெரிய தாளாக வாங்கி நாமே வெட்டிக்கொள்வது. விலை குறையும், தாள் வீணாகுமே என்ற பயம் பிள்ளைக்கும் இருக்காது. அந்தப் பயம் போவது பெரிய விஷயம்.

படி 6: கூட வாங்க வேண்டிய சின்னச் சாமான்கள்

ஷார்ப்னர். டப்பாவோடு இலவசமாக வருவதை ஒதுக்கிவிட்டு, உலோகத்தில் செய்த ஒன்றைத் தனியாக வாங்குங்கள். முனை அடிக்கடி ஒடிந்தால் பாதி நேரம் குற்றம் மழுங்கிய பிளேடுடையது. மீதி நேரம், பென்சில் கீழே விழுந்து உள்ளே குச்சி துண்டு துண்டாகியிருக்கும். அந்தப் பென்சிலை எதுவும் செய்ய முடியாது. அதனால் தரையில் உட்கார்ந்து வரையும் நம் பழக்கம் ரொம்ப நல்லது, விழ உயரமே இல்லை.

ரப்பர். கலர் பென்சில் முழுதாக அழியாது என்பதை முதலிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். மாவு மாதிரி பிசையக்கூடிய நீடபிள் ரப்பர் கிடைத்தால் வாங்குங்கள். தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் நிறம் கொஞ்சம் வெளிறும், தாளும் கிழியாது.

அவுட்லைன் போட ஒரு ஹெச்.பி. பென்சில் போதும். 4பி, 6பி மாதிரி மென்மையான, அதிகம் கறுக்கும் பென்சில்கள் வேண்டாம், அந்தக் கரி மஞ்சள் நிறத்தோடு கலந்தால் அழுக்காகிவிடும். இளம் பழுப்புக் கலர் பென்சிலாலேயே அவுட்லைன் போட்டால் இன்னும் சுத்தம்.

கடைசியாக, காசு செலவில்லாத ஒன்று. வரையும் கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள். வியர்வை படத்தில் படாது. பென்சில் தூள் சேர்ந்தால் வாயால் ஊதவோ கையால் தள்ளவோ கூடாது, காய்ந்த பெயின்ட் பிரஷால் தட்டிவிட வேண்டும்.

படி 7: எங்கே வாங்குவது?

24 டப்பா உங்கள் தெரு ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும். தாளுக்கு ஒருமுறை பாரிமுனை போய் வாருங்கள். ஆண்டர்சன் தெருவும் பந்தர் தெருவும் காகிதத்துக்கும் ஸ்டேஷனரிக்கும் பேர்போன இடங்கள். ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் ஞாயிறு மூடியிருக்கும், அதனால் சனிக்கிழமை காலை நல்லது. "அண்ணா, கார்ட்ரிட்ஜ் 150 ஜி.எஸ்.எம்., தொட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். முடிந்தால் பிள்ளையையும் கூட்டிப் போங்கள், தாளைத் தடவிப் பார்ப்பது அவர்கள் வேலையாக இருக்கட்டும். தனிப் பென்சில்கள் ஓவியப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

படி 8: முதல் நாள் என்ன வரைவது?

முதலில் ஒரே பென்சிலால் ஒரு நீளப் பட்டை. ஒரு முனையில் தாளைத் தொட்டும் தொடாமலும், மறுமுனையில் நன்றாக அழுத்தி. இடையில் நிறம் படிப்படியாக ஏற வேண்டும். அழுத்தத்தால் ஒரு பென்சிலுக்குள் ஐந்தாறு நிறம் ஒளிந்திருக்கிறது என்று பிள்ளை அன்றைக்கே கண்டுபிடித்துவிடும்.

அடுத்து, தன் இடது கை. தாளில் வைத்து ஓரம் வரைந்துகொள்ளட்டும். பீச் பென்சிலை டப்பாவிலேயே விட்டுவிடுங்கள். யெல்லோ ஆக்கரை மிக லேசாகக் கை முழுக்கத் தீட்டச் சொல்லுங்கள். அதன் மேல் பர்ன்ட் சியன்னா, அதுவும் லேசாக. இப்போது கையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். விரல் மூட்டு மற்ற இடத்தை விடக் கறுப்பாக இருக்கிறதா? அங்கே மட்டும் அடர் பழுப்பு இன்னொரு பூச்சு. நகத்தைச் சுற்றி ஒரு துளி சிவப்பு. விரல்களுக்கு நடுவே நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், ஊதாவோ அடர் நீலமோ போடுங்கள், நிழல் உயிரோடு இருக்கும். வெளிச்சம் படும் இடத்தில் பூச்சைக் குறைத்தால் போதும், வெள்ளைப் பென்சில் தேவையில்லை. எந்த நிறத்துக் கைக்கும் இதே மூன்று பென்சில்தான், பூச்சுகளின் எண்ணிக்கை மட்டும் மாறும்.

மறுநாள் ஒரு வேப்பங்கொத்து. டப்பாவில் இருக்கும் பச்சையை அப்படியே போட்டால் பிளாஸ்டிக் இலை மாதிரி இருக்கும். அடியில் மஞ்சள், மேலே பச்சை, கடைசியாகச் சிவப்பை ஒரு இழை. சிவப்பு பட்டதும் கண்ணைக் கூசவைக்கும் பச்சை அடங்கி இலை நிஜமாகும். கொழுந்து என்றால் அதுவே செம்பு நிறம்தான், பர்ன்ட் சியன்னாவை எடுக்க வேண்டியதுதான்.

பத்திரப்படுத்துவது

டப்பாவை வெயிலில் நிறுத்திய காருக்குள் விடாதீர்கள், மெழுகு இளகிவிடும். தாளை மழைக்காலத்தில் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம், ஈரம் ஏறி நெளியும், பூச்சியும் அரிக்கும். முடித்த படத்தைச் சுவரில் மாட்டும்போது நேர் வெயில் படாத இடமாகப் பாருங்கள். மாணவர் வரிசைகளில் இளஞ்சிவப்பும் ஊதாவும் முதலில் வெளுக்கும். சந்தேகமாக இருந்தால் ஒவ்வொரு நிறத்தையும் ஒரு துண்டுத் தாளில் தீட்டி, பாதியை அட்டையால் மூடி, ஜன்னல் கண்ணாடியில் சில வாரம் ஒட்டி வையுங்கள். எது தாங்கும் என்று தெரிந்துவிடும்.

அடுத்த டப்பா எப்போது வாங்குவது என்று பலரும் கேட்பார்கள். முழு டப்பா வாங்காதீர்கள். எந்தப் பென்சில் முதலில் கட்டையாகிறது என்று பாருங்கள். அதையும் அதற்குப் பக்கத்து நிறம் ஒன்றையும் தனியாக வாங்கிக் கொடுங்கள். கட்டையானதையும் தூக்கிப் போட வேண்டாம். பின்னால் சொருகி நீளமாக்கும் பென்சில் ஹோல்டர் ஒன்று வாங்கிவிட்டால் கடைசி ஒரு அங்குலம் வரை எழுதும்.