வேட்டி கட்டிப் பழகுவது எப்படி?

தாலி கட்டும் நாளன்றுதான் முதன்முதலாக வேட்டியைக் கையில் எடுக்கும் மாப்பிள்ளை, அன்று முழுவதும் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நிற்பதைப் பல மண்டபங்களில் பார்த்திருக்கிறேன். குறை அவரிடம் இல்லை. தாத்தா தினமும் கட்டிய துணியை எப்படிக் கட்டுவது என்று வீட்டில் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனவே விசேஷத்துக்கு இரண்டு வாரம் முன்பே மாலை வேளைகளில் வீட்டில் கட்டிக்கொண்டு நடந்து, உட்கார்ந்து, மாடிப்படி ஏறி இறங்கிப் பழகுங்கள்.

பழகுவதற்கு நான்கு முழப் பருத்தி வேட்டியே ஏற்றது. எட்டு முழத்தை இரண்டாக மடித்துக் கட்டினால் துணி தடித்து நிற்கும், உடலும் தெரியாது. ஆகையால் சுபகாரியங்களுக்கு அது பொருத்தம். சேலம் வெண்பட்டு அழகுதான், ஆனால் வழுக்கும். கை பழகிய பிறகு அதற்கு வாருங்கள். புது வேட்டியை ஒருமுறை அலசி இலேசாகக் கஞ்சி போடுங்கள். கஞ்சி மிகுந்தால் துணி விறைத்து இடுப்பில் படியாது, கஞ்சியே இல்லாவிட்டால் குழைந்து நழுவும். வாங்கும்போது கைத்தறியைக் கேட்டு வாங்குங்கள் என்பது என் வேண்டுகோள். 1935-இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸின் கடைகளில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் வேட்டிகள் கிடைக்கின்றன.

காலைச் சற்று அகட்டி நின்று, வேட்டியைப் பின்புறமாகச் சுற்றிக் கொண்டுவந்து, மேல் விளிம்பின் இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்துக்கொள்ளுங்கள். கீழ்க்கரை கணுக்காலைத் தொட்டும் தரையைத் தொடாமலும் நிற்கும்படி உயரத்தை அப்போதே முடிவு செய்துவிட வேண்டும், ஏனெனில் சொருகிய பிறகு திருத்தப் போனால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். வலது கை முனையை வயிற்றின் குறுக்கே இடது இடுப்புக்குக் கொண்டுபோய் அழுத்திப் பிடித்து, இடது கை முனையை அதன்மேல் இறுக்கமாக இழுத்து வலது இடுப்பில் சொருகுங்கள். உங்கள் வீட்டு வழக்கம் இதற்கு மாறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பிடிமானம் உண்மையில் அடுத்த வேலையில்தான் இருக்கிறது: இடுப்பெலும்புக்குச் சற்று மேலே இருக்கும் விளிம்பை, இரண்டு விரல் அகலத்துக்கு, வெளிப்புறமாக இரண்டு சுற்று சுருட்டிவிடுங்கள். உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தி நீவினால் அந்தச் சுருள் கயிறுபோல் இறுகுவது விரலுக்கே தெரியும்.

இதற்குமேல் அச்சம் இருந்தால், கைபேசியும் பணமும் வைக்கப் பையுள்ள அகன்ற பச்சை பெல்ட்டைக் கட்டிக்கொள்ளலாம். ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டி சிறுவர்களுக்கு நல்லது. பெரியவர்கள் அதிலேயே நின்றுவிடாமல் கையால் கட்டவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பேன்.

வேட்டியோடு எங்கும் போகலாமா என்று தயங்குபவர்கள் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2014 ஜூலையில் சென்னையிலுள்ள ஒரு மன்றத்தில் நடந்த நிகழ்ச்சிக்கு வேட்டியில் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன், உடையைக் காரணம் காட்டித் தடுக்கப்பட்டார். நம் ஊரில் நம் உடைக்கே கதவு சாத்தப்பட்டது என்ற கொதிப்பு கட்சி வேறுபாடின்றி எழுந்தது. அடுத்த மாதமே சட்டப்பேரவையில் சட்டம் நிறைவேறியது. மன்றங்கள், சங்கங்கள், அறக்கட்டளைகள், நிறுவனங்கள் ஆகியவற்றின் பொது இடங்களுக்கு வேட்டியில் வருபவரைத் தமிழ்நாட்டில் தடுத்தால், உரிமம் ரத்தாவதோடு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. வாசலில் யாரேனும் மறுத்தால், குரலை உயர்த்தாமல் இந்தச் சட்டத்தைச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பழக வேண்டியது மடித்துக் கட்டுவது. சற்றுக் குனிந்து, கீழ்க்கரையை முழங்காலுக்கு நேரே இரு கைகளாலும் பற்றித் தூக்கி, இடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சொருக வேண்டும். உள்ளே அரை டிராயர் போட்டிருப்பது அவசியம். சேற்றிலும் மழையிலும் பந்தி பரிமாறும்போதும் இது உதவும். ஆனால் மூத்தவர் எதிரே வந்தால், கோயில் வாசலை நெருங்கினால், துக்க வீட்டுக்குள் நுழைந்தால், மடிப்பை இறக்கிவிடுவது மரியாதை. கை தானாகவே இடுப்புக்குப் போய் அதை இறக்கும் அளவுக்குப் பழகும்வரை வீட்டில் கட்டிக்கொண்டே இருங்கள்.