முதுகு காட்டிப் படுத்தால் கோபம் என்று பொருளா?

கணவன் மனைவி படுத்துறங்கும் விதத்தைக் கொண்டே அவர்களின் உறவை அளந்துவிடலாம் என்று சொல்லும் படங்கள் கைப்பேசியில் நாள்தோறும் வந்து விழுகின்றன. பாம்பனிலோ தொண்டியிலோ குடும்பம் நடத்துபவர், அவற்றை நம்புமுன் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மற்ற மாதங்களில் வாரத்துக்குச் சில இரவுகளைக் கடலில் கழிக்கும் விசைப்படகுத் தொழிலாளி, கோடை வெக்கையில்தான் தொடர்ந்து வீட்டில் படுக்கிறார். உறக்கம் பிடிக்க உடலின் உள்வெப்பம் சற்றுத் தணிய வேண்டும். உப்பு ஈரம் ஏறிய காற்றிலோ வியர்வை எளிதில் உலர்வதில்லை. அந்த நாள்களில் இருவரும் விலகிப் படுப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நள்ளிரவில் கண்ட நிலையைக் கணக்கில் எடுக்காதீர்கள். உறங்குபவர் தம்மை அறியாமலே பலமுறை புரள்கிறார். விளக்கை அணைத்தபின் கண்ணயரும் வரை எப்படிப் படுக்கிறீர்கள் என்பதை மட்டும் இரண்டு மூன்று வாரங்கள் கவனியுங்கள். கல்யாணமான நாளிலிருந்தே முதுகு காட்டிப் படுப்பவரிடம் பொருள் தேட ஒன்றுமில்லை. அணைத்தபடி உறங்கியவர் திடீரென்று சுவரைப் பார்த்துப் படுக்கத் தொடங்கினால், அந்த மாற்றத்தைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

அப்போதும், "என் மேல் கோபமா?" என்பதற்கு முன்பு "தோள் வலிக்கிறதா?" என்று கேளுங்கள். வலை இழுத்து வலி கண்ட தோளை அழுத்தி ஒருக்களிக்க முடியாது. கணவருக்கு வலது தோளில் வலி இருந்து, மனைவியும் அவருக்கு வலப்பக்கத்தில் படுத்திருந்தால், கணவர் இடப்புறம் திரும்பி முதுகு காட்டித்தான் ஆக வேண்டும். இருவரும் பாயில் இடம் மாறிக்கொண்டால், அதே தோள் மேலே இருக்க, முகம் பார்த்துப் படுக்கலாம். மனைவியின் தலைக்குக் கையைத் தலையணையாகக் கொடுப்பவர், அவர் கண்ணயர்ந்ததும் மெல்ல எடுத்துவிட வேண்டும். இரவு முழுவதும் மேற்கை நரம்பு அழுந்தினால், காலையில் மணிக்கட்டு தொங்கி, கயிற்றைப் பிடிக்க வராமல் போவதுண்டு.

குறட்டைக்காக விலகுவதும் பிணக்கு ஆகாது. மல்லாந்தால் நாக்கு பின்சரிந்து குறட்டை கூடும். ஒருக்களித்தால் பலருக்குக் குறையும். இடையிடையே மூச்சே நின்று வருவதுபோல் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தடைக்காலம் முடிந்தபின், இரவைக் கடலில் கழித்த கணவர் மறுநாள் காலை கரை திரும்பி அடித்துப் போட்டாற்போல் தூங்கும் பகல்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.