சீல் மாற்றும் முன் பம்பைப் பாருங்கள்

இருபது வருடத்துக்கு மேலாகப் பம்பு பராமரிப்புதான் என் வேலை. சுழலும் ஷாஃப்ட்டைச் சுற்றித் தண்ணீர் வெளியே வராமல் அடைப்பதுதான் சீல். "சீல் ஒழுகுது, புதுசு எடுத்துக்கிட்டு வாங்க" என்று போன் வந்தால், சீலோடு டயல் கேஜையும் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) பையில் போட்டுக்கொள்வேன். புது சீல் மாட்டினால் ஒழுகல் அன்றைக்கு நிற்கும். ஏன் ஒழுகியது என்று பார்க்காவிட்டால் அடுத்த மாதம் அதே போன் வரும்.

ஒரு வெந்நீர் பம்பில் நான்கே மாதத்தில் மூன்று சீல் போயிருந்தது. நான்காவதை மாட்டும் முன் கரண்டைத் துண்டித்து, வால்வுகளைப் பூட்டி, அழுத்தத்தை வடித்துவிட்டு தண்ணீர் வெளியேறும் பக்கத்து டெலிவரி ஃபிளாஞ்சை (பைப்பையும் பம்பையும் போல்ட் போட்டு இணைக்கும் வளையத் தட்டு) கழற்றினோம். கடைசி போல்ட்டை உருவியதும் பைப் டங்கென்று விலகி நின்றது. போல்ட் ஓட்டை பாதிக்கு மேல் மறைந்துவிட்டது. பைப் நேராக வந்து சேராததால், மாட்டியவர்கள் கடப்பாரை போட்டு நெம்பி இழுத்து முடுக்கியிருக்கிறார்கள். அந்த இழுவை முழுவதையும் பம்பின் வெளிக்கூடான கேசிங் சுமந்து, ஷாஃப்ட்டைக் கோணலாக்கி, கடைசியில் சீலில் வந்து விழுந்தது. பைப்பை வெட்டி மறுபடி வெல்டு செய்து, கீழே சப்போர்ட் கொடுத்தோம். அதற்குப் பிறகு மாட்டிய சீல் மூன்று வருடம் ஓடியது.

அதனால் முதலில் பைப்பைப் பாருங்கள். போல்ட் இல்லாமலேயே ஃபிளாஞ்ச் இரண்டும் நேருக்கு நேர் உட்கார வேண்டும். தண்ணீரை உள்ளே கொண்டுவரும் சக்ஷன் பைப் பம்புக்குள் நுழையும் முன் விட்டத்தைப் போல ஐந்து மடங்காவது நேராக வரட்டும். வாயில் எல்போவை ஒட்டவைத்தால் தண்ணீர் சுழன்றுகொண்டே இம்பெல்லருக்குள் (தண்ணீரைத் தள்ளும் சுழல்சக்கரம்) போகும். படுக்கையாக வரும் பைப்பில் விட்டத்தைக் குறைக்கும் ரெட்யூசர் போட்டால் தட்டையான பக்கம் மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் மேலே காற்று தங்கும்.

அடுத்து, பம்பே சரியான பம்புதானா என்று பார்க்க வேண்டும். தேர்வு செய்யும்போது ஒருவர் 'எதற்கும் இருக்கட்டும்' என்று பத்து சதவீதம் கூட்டுவார், அடுத்தவர் இன்னொரு பத்து. கடைசியில் தேவைக்கு மிஞ்சிய பம்பு வந்து இறங்கும். டெலிவரி வால்வைப் பாதி மூடி ஓட்டுவார்கள். ஒவ்வொரு பம்புக்கும் திறன் உச்சத்தில் இருக்கும் ஒரு ஓட்ட அளவு உண்டு. அதில் 80 முதல் 110 சதவீதத்துக்குள் ஓடினால் நிம்மதி. பாதிக்குக் கீழே இறங்கினால் இம்பெல்லரை ஒரு பக்கமாகத் தள்ளும் விசை கூடி, ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளையும். வால்வை நெரிப்பதற்குப் பதில் இம்பெல்லரைக் கடைந்து குறைக்கலாம், அல்லது வேகத்தைக் குறைக்கலாம். பைப் உராய்வே முக்கியச் சுமையாக உள்ள லைனில் வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும்.

மோட்டார் கணக்கைக் கையாலேயே போட்டுப் பாருங்கள். மணிக்கு எத்தனை கன மீட்டர், எத்தனை மீட்டர் ஹெட் (ஏற்ற வேண்டிய உயரமும் பைப் உராய்வும் சேர்ந்தது), திரவத்தின் ஒப்படர்த்தி மூன்றையும் பெருக்கி, 367-ஆலும் திறனாலும் வகுத்தால் கிலோவாட் வரும். 60 கன மீட்டர், 40 மீட்டர், திறன் 70 சதவீதம், தண்ணீர் என்றால் 9.3 கிலோவாட், 11 கிலோவாட் மோட்டார் போதும். அதே பம்பில் ஒப்படர்த்தி 1.2 உள்ள கரைசல் ஓடினால் 11.2 ஆகிவிடும். மோட்டார் சூடாகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பலருக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

நான் அதிகம் சண்டை போடுவது சக்ஷன் விஷயத்தில். கடல் மட்டத்தில் திறந்த தொட்டி மேல் காற்று அழுத்துவது சுமார் 10.3 மீட்டர் தண்ணீருக்குச் சமம். இதிலிருந்து நீராவி அழுத்தம் தன் பங்கைப் பிடுங்கிக்கொள்ளும்: 20 டிகிரியில் கால் மீட்டர்கூட இல்லை, 80 டிகிரியில் ஏறக்குறைய 5 மீட்டர்! மிச்சத்தோடு தொட்டி மட்டத்தின் உயரத்தைக் கூட்டி, பைப் உராய்வைக் கழித்தால் கையில் இருக்கும் என்.பி.எஸ்.எச்., அதாவது தண்ணீர் ஆவியாகாமல் பம்புக்குள் போக மிச்சமிருக்கும் அழுத்தம், கிடைக்கும். பம்பு கேட்கும் அளவென்று அதன் கர்வில் (பம்பின் செயல்திறன் வரைபடம்) போட்டிருப்பது, ஹெட் ஏற்கெனவே 3 சதவீதம் விழுந்துவிட்ட இடம். அதற்கு மேல் ஒரு மீட்டராவது கூடுதலாக வையுங்கள். கேசிங்குக்குள் ஜல்லி உருள்வது போலச் சத்தம் கேட்டால் சக்ஷனில் தட்டுப்பாடு என்று அர்த்தம். சக்ஷன் ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவிவிட்டு மறுபடி காதைக் கொடுங்கள்.

சீலுக்குப் பதில் கிளாண்ட் பேக்கிங் (ஷாஃப்ட்டைச் சுற்றி அடைக்கும் கயிற்று வளையங்கள்) இருக்கிற பம்பு சொட்டத்தான் வேண்டும். அந்தச் சொட்டுதான் ஷாஃப்ட் மேல் போட்ட உறையான ஸ்லீவுக்குக் குளிர்ச்சி. நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு வரலாம். பேக்கிங் கயிற்றை ஸ்லீவ் அளவுள்ள குழாயில் சுற்றி, வாயை 45 டிகிரி சாய்வாக அறுத்து, ஒவ்வொரு வளையமாக, வாய்கள் 90 டிகிரி தள்ளித் தள்ளி வரும்படி இறக்குங்கள். நட்டைக் கையால் மட்டும் முடுக்கி ஓட விடுங்கள். முதல் அரை மணி நேரம் தாராளமாக ஒழுகட்டும். பிறகு ஆறில் ஒரு சுற்றாக இரண்டு நட்டையும் சமமாக முடுக்குங்கள். தரை நனையக் கூடாது என்று ஒரேயடியாக இறுக்கியவர்களின் ஸ்லீவைக் கழற்றிப் பார்த்தால் ரம்பம் போட்ட மாதிரி கோடு கோடாக இருக்கும்.

மெக்கானிக்கல் சீலில் சுத்தம்தான் எல்லாம். ஒன்றோடொன்று உரசும் அதன் இரு முகங்களின் சமதளம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான அளவில் தேய்க்கப்பட்டது. விரல் படக் கூடாது, பெஞ்சில் முகம் கீழாகக் கவிழ்க்கக் கூடாது. சுத்தமான தண்ணீருக்குக் கார்பனும் சிலிகான் கார்பைடும் ஜோடி. மணல் கலந்து வந்தால் இரண்டு பக்கமும் சிலிகான் கார்பைடு. ஓ-ரிங்கில் இன்னும் கவனம் வேண்டும். இ.பி.டி.எம். ரப்பர் வெந்நீரைத் தாங்கும். எண்ணெய் பட்டால் ஊதிவிடும். ஒரு முறை வழுக்கிக்கொண்டு இறங்கட்டும் என்று ஒரு தம்பி சாதாரண பேரிங் கிரீஸைத் தடவி மாட்டிவிட்டார். கழற்றியபோது ஓ-ரிங் தடித்து, பள்ளத்தை விட்டுப் பிதுங்கி, ஸ்பிரிங் தள்ளியும் நகராமல் சீலைக் கவ்விப் பிடித்திருந்தது. இதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். எல்லாம் கோத்து ஒரே துண்டாக வரும் கார்ட்ரிட்ஜ் சீல் என்றால், ஓட்டும் முன், அதை இடத்தில் பிடித்திருக்கும் செட்டிங் கிளிப்பை நகர்த்திவிட்டோமா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

கழற்றிய சீலைக் குப்பையில் போடாதீர்கள். கடினமான முகத்தில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மயிரிழை விரிசல்கள் ஓடினால் தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கிறது. கார்பன் முகத்தின் அகலத்தைவிட எதிர் முகத்தில் தேய்ந்த தடம் அகலமாக இருந்தால் ஷாஃப்ட் ஆடுகிறது. பேரிங்கையும் அலைன்மென்ட்டையும் (மோட்டார், பம்பு ஷாஃப்ட்டுகள் ஒரே நேர்கோட்டில் இருப்பது) பாருங்கள். டயல் கேஜை வைத்து மோட்டாரின் கால் போல்ட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் எழும்பினால் அந்தக் காலுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வேண்டும். அதைச் சரிசெய்யாமல் மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கை நேராக்கிப் பயனில்லை. பைப் மாட்டிய பிறகு ஒரு முறையும், பம்பு சூடேறி ஓடிய பிறகு இன்னொரு முறையும் அலைன்மென்ட் பாருங்கள்.

பம்பு நலமாக ஓடும் நாளில் சக்ஷன் அழுத்தம், டெலிவரி அழுத்தம், ஆம்பியர், பேரிங் சூடு நான்கையும் நோட்டில் எழுதுங்கள். பின்னொரு நாள் டெலிவரியும் ஆம்பியரும் சேர்ந்து இறங்கினால் சக்ஷனில் அடைப்போ காற்றோ இருக்கும். டெலிவரி இறங்கி ஆம்பியர் ஏறினால் லைனில் எங்கோ உடைப்பு, அல்லது யாரோ வால்வைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பழைய சீல்களை, தேதியும் பம்பு எண்ணும் எழுதி, ஒரு பையில் கட்டி அந்த நோட்டுப் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள்.