ஒப்புதல் கிடைத்த பிறகு தகவல் தாளைத் திருத்தாதீர்கள்

கோலாலம்பூரில் முதுகலை மாணவர்களின் ஆய்வு விண்ணப்பங்களை மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவுக்குப் போகுமுன் பார்த்துக் கொடுக்கிறேன். முன்பு நான் செய்த பிழையும் வேறு சிலவும் திரும்பத் திரும்ப என் மேசைக்கு வருகின்றன. விடுபட்ட கையொப்பம் போன்றவற்றை இங்கே பேசவில்லை. அவற்றைச் செயலகமே திருப்பி அனுப்பிவிடும்.

ஒப்புதல் பெற்ற தாளை மாற்றுதல்

என் முதல் ஆய்வு இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ள முதியவர்களைப் பற்றியது. பங்கேற்பாளர் படித்துக் கையெழுத்திடும் தகவல் தாளின் தமிழ் வடிவத்தைக் கடைசி இரவில் அவசரமாக எழுதி, மலாய் வடிவத்தோடு இணைத்து அனுப்பினேன், ஒப்புதலும் கிடைத்தது. செந்தூல் அடுக்குமாடி ஒன்றில் ஒரு பாட்டி, ‘பங்கேற்பிலிருந்து விலகுவதால் சிகிச்சைக்குப் பாதகம் நேராது’ என்ற வரியில் விரலை வைத்தபடி, “கையெழுத்துப் போடலன்னா மருந்து கொடுக்க மாட்டாங்களா தம்பி?” என்று கேட்டார். நான் எழுதியதற்கு நேர் எதிரான பொருள் அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

அன்றிரவே அந்த வரியை எளிமையாக்கி அச்சிட்டு, மறுநாளே பயன்படுத்தத் தொடங்கினேன். குழு ஒப்புதல் தருவதோ பதிப்பு எண்ணும் தேதியும் குறித்த அந்த ஒரு தாளுக்குத்தான். பங்கேற்பாளரை உடனடி ஆபத்திலிருந்து காக்கும் மாற்றம் தவிர, வேறெதுவும் குழு ஏற்ற பிறகே நடைமுறைக்கு வரலாம். குழுவின் ஆண்டு மறுபார்வையில் இது தெரியவந்தபோது, புதிய தாளில் கையெழுத்திட்ட 19 பேரின் தரவையும் விலக்க நேர்ந்தது. வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்த முதியவர்கள் அவர்கள். இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை. ‘சின்னத் திருத்தம்தானே’ என்று ஒரு மாணவர் சொன்னால் கோபம் வருகிறது.

ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே தமிழ்த் தாளை மருத்துவம் படிக்காத இரண்டு மூன்று பெரியவர்களிடம் கொடுத்து, புரிந்ததை அவர்கள் பேச்சிலேயே சொல்லச் சொல்லுங்கள். குழுவில் அறிவியல் துறை சாராத ஒருவராவது இருப்பார். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

ஒப்புதலுக்கு முன் தரவு திரட்டுதல்

திரட்டி முடித்த தரவுக்குக் குழு பிறகு ஒப்புதல் தராது.

பதிவை மறத்தல்

சுகாதார அமைச்சின் மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ செய்யும் ஆய்வைத் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும்.

கைரேகையோடு நிறுத்திக்கொள்ளுதல்

படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை மட்டும் வாங்கினால் போதாது. விளக்கம் தொடங்கி முடியும்வரை ஆய்வைச் சாராத சாட்சி ஒருவர் உடனிருந்து, அவரும் கையொப்பமிட வேண்டும். கோயிலில் ஆள் சேர்ப்பவர்கள் கோயில் தலைவரையே சாட்சியாக்கி விடுகிறார்கள். அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்ல எந்தப் பெரியவருக்கும் வாய் வராது.