பதில் சொல்லும் முன் ஒரு மூச்சு பொறுங்கள்
எதிரில் இருப்பவர் பேசி முடித்ததும் உடனே வாயைத் திறக்காமல், ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்துவிட்டு, அவர் கடைசியாகச் சொன்னதிலிருந்தே ஒரு கேள்வி கேளுங்கள். "ஆபீஸில் இன்றைக்கு ஒரே தலைவலி" என்று சொன்னால் "எனக்கும்தான்" என்று நம் கதையைத் தொடங்க வேண்டாம். "ஏன், என்ன ஆச்சு?" போதும்.

சாதாரணப் பேச்சில் ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே சராசரியாக 0.2 விநாடிதான் இடைவெளி இருக்கும், ஆனால் ஒரு சொல்லை யோசித்து வாயில் கொண்டுவரவே மூளைக்கு 0.6 விநாடி வாக்கில் பிடிக்கிறது; அதாவது அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைத் தயார் செய்ய ஆரம்பித்துவிடுகிறோம், அவர் கடைசியில் தயங்கித் தயங்கிச் சொல்லும் முக்கியமான விஷயம் காதில் விழுந்தாலும் மனதில் ஏறுவதில்லை. கடைசிப் பேச்சிலிருந்துதான் கேள்வி என்று வைத்துக்கொண்டால் அதுவரை கவனித்தே ஆக வேண்டும். அப்புறம், அந்தச் சின்ன அமைதியிலேயே பல பேர் மீதியையும் தாங்களாகச் சொல்லிவிடுவார்கள், எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே அதுதான்.

போனில் இது சரிப்படாது, லைன் போய்விட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்பார்கள். அங்கே உம் கொட்டிக்கொண்டே கேளுங்கள். சண்டைக்கு நடுவிலும் மௌனம் கோபமாகத்தான் தெரியும், "கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன்" என்று வாய்விட்டே சொல்லிவிடுங்கள்.