நெல்லைச் சீமையில் நடக்க வருகிறவர்களுக்கு: காட்டுக்கு ஒரு நாள், மற்ற நாளெல்லாம் கரையோரம்

வெளிநாட்டில் நடைப்பயணத்துக்குப் பழகியவர்கள் ஊருக்கு வரும் முன்பே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிட்னியிலோ டொரண்டோவிலோ செய்வதுபோல, காரை நிறுத்திவிட்டுப் பலகையில் வரைந்திருக்கும் வழியைப் பார்த்துக் காட்டுக்குள் இறங்கிவிட இங்கே முடியாது. திருநெல்வேலிக்கு மேற்கே நீலமாகத் தெரிகிற மலையில் பெரும்பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். களக்காடு, முண்டந்துறை என்ற இரண்டு சரணாலயங்களைச் சேர்த்து 1988-ல் உருவாக்கினார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுதான். புலி, சிறுத்தை, யானை, கரடி, சிங்கவால் குரங்கு எல்லாம் வாழும் அந்தக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம்.

அதனால் என் யோசனை: காட்டுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள், அதற்கு முறைப்படி பதிவு செய்யுங்கள். மற்ற நாட்களில் காட்டுக்கு வெளியே நடங்கள். ஆற்றங்கரை, குளத்தங்கரை, தேரி என்கிற செம்மணல் மேடு, பாறைக்குன்று என்று நம் சீமையில் நடக்க இடத்துக்குப் பஞ்சமே கிடையாது. சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று முகம் வாடிப் போகும் குடும்பங்கள், அருமையான நடைவழிகளைக் காரிலேயே கடந்து போகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்காது.

பெரும்பாலானவர்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூலை, ஆகஸ்டிலோ டிசம்பர் கடைசியிலோ வருகிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சாரல், அருவிகளில் தண்ணீர், கூடவே பெருங்கூட்டம். அதே சமயத்தில் திருநெல்வேலி நகரத்தில் வறண்ட காற்றும் வெயிலும்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கியதை மறக்க முடியாது. டிசம்பரில் வருகிறவர்கள் வானிலை எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். தேதி உங்கள் கையில் இருந்தால் ஜனவரியைத் தேர்ந்தெடுங்கள். குளங்கள் நிறைந்திருக்கும், வயல் பச்சையாக இருக்கும், காலையில் ஒன்பது மணி வரை நிம்மதியாக நடக்கலாம்.

முதல் நடைக்கு நான் சொல்வது கல்லிடைக்குறிச்சி. திருநெல்வேலி சந்திப்பிலிருந்து செங்கோட்டை போகும் ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். ஊரில் காபி குடித்துவிட்டு, அப்பளக் கட்டு ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தாமிரபரணிப் பாலத்தைக் கடந்து அம்பாசமுத்திரம் வரை நடங்கள். தூரம் அதிகமில்லை, பெரியவர்களும் கூட வரலாம். இரண்டு பக்கமும் வயல், எதிரே பொதிகை, கீழே ஆறு. அம்பாசமுத்திரத்தில் காசிபநாதர் கோயில் படித்துறையில் உட்கார்ந்து பார்த்தால் மீன்கொத்தியும் நீர்க்காகமும் கட்டாயம் கண்ணில் படும். இந்த ஆற்றில் நீர்நாயும் உண்டு. விடியக்காலையில் சத்தமில்லாமல் இருப்பவர்களுக்குத்தான் அது தலை காட்டும்.

பாபநாசத்துக்கும் கடலுக்கும் நடுவே தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிந்து குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகும். கன்னடியன் கால்வாய், நதியுண்ணிக் கால்வாய் போன்றவற்றின் கரையில் உழவர்கள் நடந்து நடந்து போட்ட பாதை ஒரு வழிகாட்டிப் பலகையிலும் இருக்காது. கேட்டால் வழி சொல்வார்கள். "அண்ணாச்சி, இந்தக் கரையோட போனா எந்த ஊரு வரும்?" என்று கேளுங்கள். நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துவிட்டுத்தான் பதில் வரும், அதற்கும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் தண்ணீர் திருப்புகிற நேரம், பயிர் அறுப்பு, நாய் இருக்கும் தோப்பு எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வரப்பில் நடக்கும்போது ஒருவர் பின் ஒருவராகப் போங்கள், நாற்றை மிதித்துவிடாதீர்கள்.

ஆற்றில் குளிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஊர்க்காரர்கள் குளிக்கிற துறையில் மட்டும் இறங்குங்கள். மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கு அடியில் தெரியாது. அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும். நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துகிற பிள்ளைகளுக்கும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

அப்புறம், கூந்தன்குளம். மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகலாம், திருநெல்வேலியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடும். 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் அந்தப் பறவைகளைத் தங்கள் பொறுப்பாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்து மரங்களோடு நிற்காமல் தெருவிலும் வீட்டு முற்றத்திலும் இருக்கும் மரங்களில் கூடு கட்டும். தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்று ஊரே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். குளத்தங்கரையில் மெதுவாக நடந்தால் கரண்டிவாயன், பூநாரை, இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஜனவரிக்கு மேல் போவது நல்லது, குஞ்சு பொரிக்கும் காலமும் அதுதான். மழை பொய்த்துக் குளம் வறண்ட ஆண்டில் பறவை வராது, அதனால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கி கட்டாயம் கொண்டு வாருங்கள். அந்தத் தெருவில் நீங்கள் விருந்தாளி. கூட்டை நோக்கிக் கத்துவதும் கல்லெறிவதும் வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு வண்டியிலேயே சொல்லிவிடுங்கள்.

பொங்கலை ஒட்டி வருகிறவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். மணிமுத்தாறில் உள்ள ஏட்ரி (ATREE) என்ற சூழலியல் ஆய்வு அமைப்பின் மையம் நடத்துகிறது, தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஊரை அறிமுகம் செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கிழக்கே போனால் நிலம் அப்படியே மாறிவிடும். திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரி: கண்ணுக்கு எட்டிய தூரம் செக்கச்சிவந்த மணல்மேடு, நடுநடுவே பனையும் முந்திரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் தென்மேற்குக் காற்று செம்மண்ணை அள்ளி வந்து குவித்த மேடுகள் இவை. மணல் துகள்மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலை இலக்காக வைத்துக்கொண்டு நடப்பது நல்லது, அவ்வளவு வறண்ட தேரிக்கு நடுவே அங்கே சுனையும் குளிர்ந்த மரநிழலும் இருக்கின்றன. விடிந்ததும் இறங்கி, காலை எட்டரைக்குள் தேரியைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஆடிக்காற்றில் மணல் கண்ணைத் திறக்க விடாது. எல்லா மேடும் ஒரே மாதிரி இருப்பதால் வழி தவறுவது சுலபம், உள்ளூர் ஆள் ஒருவர் கூட வரட்டும். வெயில் காலமாக இருந்தால் பதநீர் கிடைக்கும். உடன்குடிக் கருப்பட்டி வாங்காமல் திரும்பாதீர்கள்.

பாறை ஏறப் பிடிக்கும் என்றால் கழுகுமலை. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் ஒரே பாறையில் இருக்கின்றன. மான் பார்க்க வல்லநாடு, தூத்துக்குடி சாலையில் பக்கத்திலேயே. அந்தக் குன்று வெளிமான் சரணாலயம், வனத்துறையிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

சரி, இனி காடு. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற இணையப் பதிவு முறையைத் தொடங்கியது. மாநிலம் முழுக்க 40 தடங்கள். நம் பக்கத்தில் காரையாறு–மூலக்கசம், களக்காடு–நம்பிகோயில், மாஞ்சோலை–செங்கல்தேரி ஆகியவை அதில் இருக்கின்றன. தென்காசி மாவட்டத்தில் குற்றாலம்–செண்பகாதேவி அருவித் தடமும் உண்டு. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள். மலையில் வாழும் காணிக்காரப் பழங்குடியினரைப் போல அந்தக் காட்டை அறிந்தவர்கள் வேறு யாருமில்லை. வழிகாட்டி நில் என்றால் நிற்க வேண்டும். பதிவுக்கு உள்ளூர் கைபேசி எண் இருந்தால் வேலை சுலபம், பாஸ்போர்ட் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீ காலம், தடங்களை மூடிவிடுவார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்ததை நினைத்தால் இந்தக் கட்டுப்பாட்டின் அருமை புரியும். கனமழை நாட்களிலும் கதவு மூடியிருக்கும். அங்கே நிற்கும் ஊழியரிடம் வாதாடாதீர்கள்.

மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நம்பிகோயிலுக்குப் போங்கள். அதன் அடிவாரத்தில் இருக்கும் திருக்குறுங்குடி 108 திவ்யதேசங்களில் ஒன்று. ஊரில் இருக்கும் நம்பிப் பெருமாளை முதலில் சேவித்துவிட்டு, மலைமேல் இருக்கும் திருமலை நம்பியைப் பார்க்க நடப்பது இந்தப் பக்கத்து வழக்கம். நடை, காடு, ஆறு, கோயில் நான்கும் ஒரே நாளில் அமையும். மாஞ்சோலைக்குப் போகிறவர்கள் அந்தத் தேயிலைச் சரிவுகளை வெறும் படக்காட்சியாகப் பார்க்காதீர்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23-ல் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில், தடியடிக்குப் பின் 17 பேர் தாமிரபரணிக் கரையில் உயிரிழந்தார்கள். பிள்ளைகளுக்கு அதையும் சொல்ல வேண்டும்.

கொண்டுவரக் கூடாதவை இரண்டு. ஒன்று, செயற்கைக்கோள் கைபேசி. மலையேறுகிறவர்கள் பையில் தொங்கவிடும் செயற்கைக்கோள் செய்திக் கருவியும் இதில் சேரும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே பிடித்துவைப்பார்கள், அப்படிச் சிக்கியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு, ட்ரோன். காப்பகச் சாவடியில் பிளாஸ்டிக் பையும் போத்தலும் சோதிப்பார்கள், அதனால் எவர்சில்வர் போத்தல் எடுத்து வாருங்கள். பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றில் விடுகிற பழக்கம் தண்ணீரையே நாசமாக்கிவிட்டது. யார் சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள்.

கணுக்காலை மூடும் காலணி, முழுக்கால் சட்டை, தொப்பி போதும். மழைக்காலத்தில் அட்டை ஏறும், உப்போ புகையிலைப் பொடியோ துணியில் கட்டி வைத்துக்கொள்வார்கள். மலையடிவார ஊர்களில் கருக்கலுக்குப் பிறகு கரடி நடமாட்டம் உண்டு, ஆகவே ஆறு மணிக்குள் தங்குமிடத்துக்கு வந்துவிடுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். பக்கத்து அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். பெரிய மருத்துவமனை என்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு, ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னாலே போதும்.